மாடசாமி ஏற்றமும் ஜீப்பின் சேஸ் நம்பரும்

போன மாதம் என் மகன் செந்தில் தன் காருக்கு பிரேக் சாமான் வாங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன் கண்ணாடியின் ஓரத்தில் குனிந்து, அங்கே இருந்த பதினேழு எழுத்தையும் போனில் படம் பிடித்தான். போன் அதைத் தானே படித்துக்கொண்டது. இந்த வண்டிக்கு இந்தச் சாமான் என்று படம் காட்டியது. இரண்டொரு நாளில் பெட்டி வாசலில் வந்து இறங்கியது. மாட்டினான், பொருந்தியது. மகள் கோமதி சிரித்துக்கொண்டு, "ஏனுங்கப்பா, காலம் பூரா நீங்க கடையில ஒக்காந்து பண்ணுனது இதைத்தானுங்களே?" என்று கேட்டாள்.

நான் ஆமாம் என்றேன். ஆனால் அது முழு ஆமாம் இல்லை. வாயால் சொன்னால் நீங்கள் இருவரும் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் கோமதி திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

நான் வேலை பார்த்த கடை வாளையார் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தது. நல்லேப்பிள்ளியிலிருந்து சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக வந்து போவேன். எழுபதுகளில் அந்த ரோடு இப்போது இருப்பதில் பாதி அகலம்கூட இராது. செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நிற்கும். கோயமுத்தூரிலிருந்து கொச்சிக்குப் போகிறவை, கொச்சியிலிருந்து வருகிறவை. மலை காற்றை இறுக்கிப் பிடித்து அனுப்புகிற இடம் அது. வரிசையில் நின்று நின்று கிளம்பும்போதுதான் வண்டிகளுக்கு ஏதாவது ஒன்று போகும். கிளச் தகடு போகும், ஆக்சில் ஒடியும், பம்பு நின்றுவிடும். டிரைவர் இறங்கி நேராக எங்கள் கடைக்கு வருவான். ஆரம்ப வருடங்களில் நான் கிரீஸ் துடைத்தேன், பெட்டி தூக்கினேன், டீ வாங்கி வந்தேன். அதில் எழுத ஒன்றும் இல்லை.

கடை ஒரு பீவியம்மாவுடையது. அவருடைய வீட்டுக்காரர் நடத்திக்கொண்டிருந்த கடை. அவர் நெஞ்சுவலியில் திடீரென்று போன பிறகு, விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்காமல் அந்த அம்மாவே எடுத்து நடத்தினார். வீடும் கடையும் ஒட்டியே இருந்தன. நடுவில் ஒரு வாசல், அதில் ஒரு பச்சைத் திரை. அம்மா திரைக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் இருப்பார். கடைப் பக்கம் நாங்கள். டிரைவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. குரலை எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் கட்டையான குரல். "பீவிம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் லாரிக்காரன் பெஞ்சில் உட்காருவான்.

சாமான் கேட்டு வருகிறவனிடம் வண்டி என்ன மாதிரி, எந்த வருடம் என்றெல்லாம் அம்மா கேட்கமாட்டார். "நம்பரு கொண்டாந்தீங்களா?" என்பார். நம்பர் என்றால் ரோட்டில் போகும் பலகை நம்பர் இல்லை. சேஸ் நம்பர். வண்டியின் அடிச்சட்டத்தில் கம்பெனிக்காரன் உளியால் அடித்து வைத்திருக்கும் நம்பர். இப்போது போலப் பதினேழு எழுத்து அப்போது கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வழக்கம். பொதுவாக முன்னால் இருக்கும் எழுத்துகள் வண்டியின் வகையைச் சொல்லும். பின்னால் வருவது அது எத்தனையாவது வண்டி என்பதைச் சொல்லும். கம்பெனி அனுப்பும் சாமான் புத்தகத்தில், இந்த நம்பர் வரைக்கும் இந்தச் சாமான், இதற்கு மேல் வேறு சாமான் என்று போட்டிருப்பார்கள். வெளியே பார்த்தால் இரண்டு வண்டியும் அண்ணன் தம்பி போல ஒரே முகமாக இருக்கும். உள்ளே கிளச் தகட்டின் பல் மாறியிருக்கும். நம்பர் இல்லாமல் சாமான் கொடுத்தால், அது போன வேகத்தில் திரும்பி வரும்.

கையால் எழுதிக் கொண்டுவரும் நம்பரையும் அம்மா ஏற்கமாட்டார். டிரைவர் ரோட்டில் மல்லாந்து படுத்து, கண்ணில் மண் விழ விழ எழுதியதில் ஒன்று ஏழாகிவிடும், மூன்று எட்டாகிவிடும். அதனால் பென்சில் தேய்ப்புத்தான் வேண்டும். இதை நான் எத்தனை பேருக்குச் செய்து கொடுத்தேனோ கணக்கே இல்லை. முதலில் மண்ணெண்ணெய் நனைத்த வேஸ்ட் துணியால் அந்த இடத்தைத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போடக்கூடாது, எழுத்து தேய்ந்துவிடும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பெயின்ட் அடித்து எழுத்தின் குழியை அடைத்து வைத்திருப்பார்கள். தீக்குச்சியைச் சீவி அந்தக் குழியை மெல்லத் தோண்ட வேண்டும். பிறகு சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளை மேலே வைத்து, இடது கை விரல்களால் அசையாமல் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். குத்தித் தேய்த்தால் தாள் கிழியும். சாய்த்துத் தேய்த்தால் கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சலித்ததில்லை.

அந்தத் தாளைத் திரைக்குக் கீழே நீட்டினால் ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். உள்ளே புத்தகம் புரளும் சத்தம் கேட்கும். பிறகு, "ஆறுச்சாமி, மூணாவது தட்டு, கெழக்கோரம்" என்று குரல் வரும். நான் எடுத்துக் கொடுப்பேன்.

நம்பர் எல்லையில் இருக்கும் வண்டிகள் வரும்போதுதான் சிக்கல். ஒருமுறை தக்காளி ஏற்றிய லாரி செக்போஸ்டில் கிளச் போய் நின்றுவிட்டது. நம்பர் பார்த்தால், சாமான் மாறிய இடத்துக்குச் சற்றே மேலே. புத்தகப்படி புது மாதிரி. ஆனால் கம்பெனிக்காரன் கையில் மிச்சமிருந்த பழைய சாமானை நாலைந்து வண்டிக்குப் போட்டுத் தீர்த்திருக்க மாட்டானா என்று அம்மாவுக்குச் சந்தேகம். டிரைவர் தக்காளி அழுகுகிறது என்று பறக்கிறான். அம்மா, "ரெண்டு ஜாதியும் கொண்டு போங்க, ஒண்ணு திரும்பி வரட்டும்" என்றார். திரும்பி வந்தது புது மாதிரி. பழையதுதான் பொருந்தியது. அதிலிருந்து சந்தேகம் என்றால் ஜோடியாக அனுப்புவது எங்கள் கடையின் வழக்கமாகிவிட்டது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பீவியம்மா கடையில் செருப்பு வாங்கினாலும் இடது காலுக்கே இரண்டு கொடுப்பார்கள் என்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு சாமானைத் தெரிந்தவர் ஒரு வண்டியையும் முழுசாகக் கிட்டே நின்று பார்த்தவர் இல்லை. அடிச்சட்டம் தெரியும், அச்சு தெரியும், பல்சக்கரம் தெரியும். ஒரு நாள் என்னிடம், ஜீப்பில் முன்சக்கரமும் இழுக்கும் என்கிறார்களே, நிஜமாகவே இழுக்குமா, நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றேன். "அப்ப முன்னாடிக்கும் பின்னாடிக்கும் சண்டை வந்தா?" என்றார். நான் அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

சுடலைமுத்து வந்தது மழைக்கு முன்னால், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பகலில். மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். மூணாறிலிருந்து மறையூர், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்திருந்தார். அந்த எஸ்டேட்டுக்குச் சாமான் எங்கள் கடையிலிருந்துதான் போகும். ஆனால் தபாலில் கேட்டு பார்சலில் போகும், ஆள் வந்ததில்லை. நாற்பது வயது இருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, அந்த வெயிலிலும் கழற்றவில்லை. ஒரு சாக்கை அவிழ்த்து, பின் அச்சின் கிரவுனும் பினியனும் ஒடிந்து கிடந்ததைப் பெஞ்சில் கொட்டினார். ஷாஃப்ட் சுற்றுவதைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைக் கடித்து ஓட்டும் சின்னப் பல்சக்கரம் பினியன். பற்கள் பாதி இல்லை. பென்சில் தேய்ப்பும் சுத்தமாக எடுத்து வந்திருந்தார்.

நான் தாளைத் திரைக்குக் கீழே நீட்டினேன். ஒடிந்த பல்லின் அடியையும் சேர்த்து எண்ணிச் சொன்னேன். நம்பரும் பல்லும் ஒத்துப்போயின. எல்லாம் சரி. நான் தட்டுக்கே போய்விட்டேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க டிரைவர், இதே சாமான் போன வருசமும் உங்க எஸ்டேட்டுக்கு அனுப்புனமே?"

"ஆமாம்மா. அதுக்கு முந்துன வருசமும் வாங்குனோம். வருசா வருசம் ஒடிஞ்சிருது."

"எங்க வெச்சு ஒடியுது?"

"மாடசாமி ஏத்தத்துல."

பிறகு அவர் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்களுடைய மேல் டிவிஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டியதும் செங்குத்தாக ஓர் ஏற்றம். மண் போட்டால் மழை அரித்துவிடுகிறது என்று முழுக்கக் கல் பாவி வைத்திருக்கிறார்கள். ஏற்றத்தின் அடியில் அவர்கள் சாமியாகக் கும்பிடும் மாடசாமி கல். ஆளை வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஜீப் ஏறாது. மற்ற இடத்திலெல்லாம், சேற்றிலும் சகதியிலும்கூட, கழுதை மாதிரி ஏறுகிற வண்டி அங்கே மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும், அடியிலிருந்து முனகும், துள்ளும். சாமி முன்னால் உட்கார்ந்தபடி போகக்கூடாது என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து எல்லோரும் கல்லடியில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து ஏறுவார்கள். காலி வண்டி எப்படியோ ஏறிவிடும். மேலே போய் மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள். காய்ச்சல்காரனும் இறங்க வேண்டும், முடியாதவர்களைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள்.

"ஒடிஞ்சப்ப வண்டியில என்ன இருந்துச்சுங்க?" என்றார் அம்மா.

"உர மூட்டை."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும் உர மூட்டைதான்." சுடலைமுத்து சங்கடமாகச் சிரித்தார். "மூட்டை எறங்காதுல்லாம்மா. அதான் சாமிக்குக் கோவம்னு லயத்துல பேசிக்கிடுதாக."

நான் சிரித்துவிட்டேன். திரைக்குப் பின்னால் சிரிப்பு இல்லை. இதற்கு நடுவில் சுடலைமுத்து இன்னொன்றையும் சொன்னார். போன மழையில், மாசமாக இருந்த ஒரு பெண் வலியோடு அந்த ஏற்றத்தில் இறங்கி நடந்தாள். கல் வழுக்கி விழுந்துவிட்டாள். அங்கேயே பிரசவமாகி, பிள்ளை தங்கவில்லை. வண்டி ஓட்டியது இவர்தான். இப்போது இவருடைய மகள் வள்ளிக்குத் தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாள் நெருங்கிவிட்டது. அதனால்தான் தபாலை நம்பாமல் எஸ்டேட் துரையிடம் லீவு கேட்டு நேரில் வந்திருக்கிறார். மழைக்கு முன்னால் வண்டி ஓட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அம்மா கேட்டார்: "அந்த ஏத்தத்துல சின்னக் கம்பி ரெண்டையும் போடுவீங்களா?" முன்சக்கரத்துக்கும் இழுப்புக் கொடுக்க ஜீப்பில் தனியாக இருக்கும் குட்டைக் கம்பிகளைத்தான் சொன்னார். போடாமல் எப்படி ஏறுவது என்றார் சுடலைமுத்து. முன் அச்சை எப்போதாவது மாற்றினதுண்டா என்று அடுத்த கேள்வி. தனக்கு முந்தைய டிரைவர் காலத்தில் வண்டி ஓடையில் உருண்டதாகவும், எஸ்டேட் ஒர்க்ஷாப்பில் பட்டாளத்து ஏல வண்டியின் முன் அச்சை வாங்கி மாட்டியதாகவும் கேள்விப்பட்டிருக்கிறார். போல்ட்டுக்கு போல்ட் அப்படியே உட்கார்ந்துவிட்டதாம்.

திரைக்குப் பின்னால் புத்தகம் மறுபடி புரண்டது.

"ஆறுச்சாமி," என்றார், "இந்த நம்பரு வண்டி பொறந்தப்ப வெச்சது. வளந்த கதை அதுக்குத் தெரியாது. பின்னாடி செட்டை எடு. இதே நம்பருக்கு முன்னாடி செட்டு ஒண்ணு மேல் தட்டுல இருக்கு, அதையும் எடு. நீயும் கூடப் போ. முன்னாடி எத்தனை சுத்துன்னு எண்ணிப் பாரு. சரியா இருந்தா முன்னாடி செட்டைத் திருப்பிக் கொண்டா."

அப்படித்தான் நான் முதல்முறையாக மலைக்குப் போனேன். இரண்டு செட்டும் ஒரு சாக்கில். ஒற்றை ஆளால் தூக்க முடியாது. நானும் சுடலைமுத்தும் ஆளுக்கொரு முனை பிடித்து பஸ்ஸுக்கு பஸ் மாற்றினோம். சின்னாறு செக்போஸ்டில் போலீஸ்காரர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதெந்தா, விக்ரகமோ?" என்றார். பல்சக்கரம் என்று சொன்னதும் நம்பாமல் அவிழ்க்கச் சொன்னார். எண்ணெய்த் தாளைப் பிரித்துப் பார்த்து, கையெல்லாம் கிரீஸ் ஆனதும், "போய்க்கோ, போய்க்கோ" என்று விரட்டினார். மறையூர் தாண்டி மேலே ஏற ஏறக் குளிர் பிடித்தது. சுடலைமுத்து ஏன் தொப்பியைக் கழற்றவில்லை என்று அப்போது புரிந்தது. மாட்டுப்பட்டி அணை ஓரமாக எஸ்டேட் டிராக்டரில் போனோம். பண்ணை மாடுகள் மேட்டுப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தன. அவ்வளவு பச்சையை நான் நெல்வயல் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒர்க்ஷாப்பில் தங்கையா மேஸ்திரி. பெரிய உடம்பு, நிதானமான ஆள். பின் செட்டைப் பார்த்ததும், நாளைக்கே மாட்டிவிடலாம் என்றார். முன் அச்சைப் பிரிக்கலாமா என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"நல்லா இருக்கத எதுக்குவே பிரிக்கணும்? ஒரு சத்தம் உண்டா, ஒரு எண்ணெ ஒழுக்கு உண்டா? நானே மாட்டுன அச்சு அது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பின்னால் மட்டும் என்றால் மறுநாள் வண்டி ஓடும். முன்னாலும் பிரித்தால் இன்னும் சில நாள் ஆகும். சக்கரத்தைக் கழற்ற வேண்டும், கூட்டைத் திறக்க வேண்டும். பினியனைத் தகடு வைத்துத் தகடு எடுத்து உட்கார வைக்க வேண்டும். பல்லில் செந்தூர மசி தடவி, கடி சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் வள்ளிக்கு வலி வந்துவிட்டால் வண்டி கட்டையில் ஏறி நிற்கும். வேறு வண்டி கிடையாது. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. முடிவு சுடலைமுத்துவின் தலையில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரன், ஃபிட்டர் இல்லை. நான் என்ன சொல்ல? எண்ணிப் பார்த்துவிடலாம், அதற்கு எதையும் பிரிக்க வேண்டாம் என்றேன்.

முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சக்கரத்தின் மேல் புள்ளியில் ஒரு சாக்பீஸ் கோடு. முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்டில் ஒரு கோடு. கம்பியைத் தளர்வில் வைத்தோம். சுடலைமுத்து ஒரு சக்கரம், நான் ஒரு சக்கரம். இரண்டையும் ஒரே வேகத்தில், முழுசாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். தங்கையா மேஸ்திரி மல்லாந்து படுத்து ஷாஃப்டின் கோட்டைப் பார்த்து எண்ணினார். நம்பர்படி அது ஐந்தேகால் சுற்றையும் கொஞ்சம் தாண்டி நிற்க வேண்டும். புதுப் பின் செட்டின் பல்லை வகுத்தாலும் அதே கணக்குத்தான் வந்தது.

சுற்றினோம். மேஸ்திரி, "இன்னொரு மட்டம்" என்றார். மறுபடி சுற்றினோம். அடியிலிருந்தபடியே கேட்டார்: "அஞ்சு முடியலையேவே. அஞ்சுக்கு முன்னாலேயே நின்னுபோவுது. எம் பக்கம் தப்பா, உங்க பக்கம் தப்பா?"

மூன்றாவது முறை சுடலைமுத்து கீழே படுத்தார், மேஸ்திரி சக்கரம் சுற்றினார். அதேதான்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எஞ்சின் இரண்டு அச்சுக்கும் ஒரே வேகத்தைத்தான் அனுப்புகிறது. முன் அச்சின் பல் கணக்கு வேறு என்பதால், அதே வேகத்தில் முன்சக்கரம் கொஞ்சம் அதிகமாக ஓடப் பார்க்கிறது, பின்சக்கரம் கொஞ்சம் குறைவாக. சேற்றில் ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். அதனால் சேற்றில் தெரியவே தெரியாது. கல்லில் வழுக்காது. வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு விறைக்கும், முனகும். காலியாக இருந்தால் ஒரு சக்கரம் துள்ளித் தப்பித்துக்கொள்ளும். பின்னால் மூட்டை அழுத்தினால் அந்தத் துள்ளலும் இல்லை, பல்தான் போகும். அந்த மலையில் கல் பாவிய ஏற்றம் அது ஒன்றுதான்.

தங்கையா மேஸ்திரி எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். அந்த அச்சைத் தடவிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "வெளிய எல்லாம் ஒண்ணுபோல இருந்துச்சேவே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஸ்பானரை எடுத்துத் தானே முதல் போல்ட்டைக் கழற்றினார்.

வேலை முடியும்வரை நான் அங்கேயே இருந்தேன். மேஸ்திரிக்கு விளக்குப் பிடித்தேன், தகடு எடுத்துக் கொடுத்தேன். சாப்பாடு சுடலைமுத்து வீட்டில். லயத்தில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அவர் மனைவி பேச்சியம்மாள் எனக்குச் சோறு போடும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார், வண்டி என்றைக்குக் கட்டையிலிருந்து இறங்கும் என்று. வள்ளி சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருப்பாள். அவள் கேட்டது ஒரே ஒருமுறைதான். முன்னால் போட்ட பல் எதற்கு, பின்னால் போட்ட பல் எதற்கு என்று கேட்டாள். மேலே எழுதியிருப்பதைத்தான் அவளிடமும் சொன்னேன். நாரை உரித்தபடி, "அப்ப சாமி அதுல ஒண்ணும் செய்யல" என்றாள். பேச்சியம்மாள் அவளை அதட்டினார். லயத்தில் மற்றவர்களுக்கும் இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. சாமியைச் சோதித்துப் பார்ப்பதா என்று ஒரு பெரியவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். சுடலைமுத்து தன் பாட்டுக்கு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் ஊற்றி மூடிய மறுநாள் காலை காலி வண்டியாக ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு. அதற்கு முன்னால் மழையும் வலியும் சேர்ந்து வந்துவிட்டன. வெளுத்து வாங்குகிற மழை. வள்ளியைப் பின்னால் ஏற்றி, கம்பளியால் சுற்றினார்கள். பக்கத்தில் பேச்சியம்மாள், எதிரே நான். முன்னால் சுடலைமுத்துவும் மேஸ்திரியும். படுதாவுக்குள் சாரல் அடித்தது. வலி வரும்போது வள்ளி என் முழங்காலைப் பிடித்துக்கொள்வாள். யாருடைய முழங்கால் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஓடையைத் தாண்டி, மாடசாமி கல்லடியில் வண்டி நின்றது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சுடலைமுத்துவின் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. நின்றதும் மேஸ்திரி இறங்கினார். பேச்சியம்மாள் இறங்கினார். என்ன நினைத்தேனோ, நானும் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஏற்றத்தில் தண்ணீர் கல்லுக்குக் கல் தாவி ஓடி வந்தது.

"எட்டி, மெதுவா எறங்கு. அம்மா கையப் புடிச்சுக்கோ," என்றார் பேச்சியம்மாள்.

வள்ளி அசையவில்லை. "நா எறங்கல."

"சாமி முன்னாலடி."

"சாமிக்கு என்னைத் தெரியும். நா நடக்க முடியாம ஒக்காந்திருக்கதும் தெரியும்." பிறகு முன்பக்கம் பார்த்து, "எப்பா, எடுங்க" என்றாள்.

சுடலைமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். போன மழையில் இதே இடத்தில் இதே போல நின்றவர் அவர். பேச்சியம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, மேலே நீட்டவும் இல்லை. மேஸ்திரி குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. செந்தூர மசியில் கடி சரியாக விழுந்ததை நானும் பார்த்தேன்தான். ஆனாலும் இந்த ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காத வண்டி. நடுவில் நின்றால், துள்ளினால், அவள் உள்ளே இருக்கிறாள்.

சுடலைமுத்து கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கல்லைப் பார்த்துக் கைகூப்பவில்லை, வாயும் அசையவில்லை. இரண்டு கம்பியையும் போட்டார்.

வண்டி கிளம்பியது. நாங்கள் மூவரும் மழையில் நின்று பார்த்தோம். பின்சக்கரம் கல்லைப் பிடித்தது, முன்சக்கரமும் பிடித்தது. முனகல் வருமென்று என் காது முழுக்க வண்டிக்கு அடியிலேயே இருந்தது. வரவில்லை. எஞ்சினின் ஒரே சத்தம் மட்டும், ஏறும்போதும் அதே, பாதியில் வளையும்போதும் அதே. பின் படுதாவின் இடுக்கில் வள்ளியின் கால் தெரிந்தது. குலுங்கக்கூட இல்லை. மேஸ்திரி என் தோளைப் பிடித்திருந்தார். மேலே போய் வண்டி நின்றதும்தான் கையை எடுத்தார். பிறகு நாங்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓட்டமும் நடையுமாக ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்தார்கள். அன்றைக்கே நான் பஸ் ஏறிவிட்டேன். திருப்பிக் கொண்டுபோக ஒரு செட்டும் மிச்சமில்லாததால் கை வீசிக்கொண்டு போனேன். கடைக்கு வந்து, கழற்றிய பழைய முன் செட்டில் எத்தனை பல் என்று சொன்னதும் அம்மா என்னை இரண்டு முறை சொல்ல வைத்தார். ஜீப்பின் முன்சக்கரம் இழுப்பதைக் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன், கல்லைப் பிடித்து இழுத்தது என்றேன். எப்படி, கையால் காட்டு என்றார். திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். நான் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி முன்னால் போய்க் காட்டினேன். கடையில் உட்கார்ந்திருந்த லாரிக்காரர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

அடுத்த வருடம், மழை முடிந்த பிறகு சுடலைமுத்து கடைக்கு வந்தார். கிரவுன், பினியன் கேட்டு இல்லை, சும்மா ஒரு ஆயில் சீலுக்கு. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். வள்ளி புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள், பேத்தி நடக்கிறாள் என்றார். எனக்குக் கேட்க ஒரு சங்கடம் இருந்தது, ஆனாலும் கேட்டேன். இப்போது ஜீப் ஆளோடு ஏறுவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே, கல்லடியில் இன்னும் இறங்குகிறார்களா?

"எறங்குதோமே," என்றார். "நடக்க முடிஞ்சவுக எறங்கிக் கும்பிட்டுட்டு நடக்கோம். முடியாதவுக உள்ள இருந்தே கும்பிட்டுக்கிடுதாக. போன மழையில ஆறு பேரு, அப்படி ஒக்காந்தபடியே ஆசுபத்திரி போனாவ. ஒருத்தரயும் எறக்கல."